அலைமேல் வைத்த உலை

சிறு படகில் என்ன சமைக்கலாம் என்பது அந்தப் படகு எத்தனை நாள் கடலில் தங்கப்போகிறது என்பதைப் பொறுத்தது. கட்டுமரத்தில் அடுப்புக்கு இடமே கிடையாது. விடியுமுன் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் கரை சேரும் மீனவருக்கு, தூக்குவாளியில் பழைய சோறும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போதும். வெளியே மோட்டார் பொருத்திய ஃபைபர் படகிலும் பெரும்பாலும் இதே கதைதான். கட்டுச்சோறு, தண்ணீர்க் கேன், பிளாஸ்கில் தேநீர் என்று ஒரு பொழுதை ஓட்டிவிடலாம். விசைப்படகுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. ராமேசுவரத்து விசைப்படகு மீன்வளத் துறையின் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பி மறுநாள் காலையில்தான் திரும்பும். நடுவில் ஒரு வேளையாவது சுடுசோறு வேண்டும். காசிமேட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தங்குகடல் போகும் படகுகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, நீரோடி முதலிய ஊர்க்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போட ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதம், நாற்பது நாள் வரைகூடத் திரும்புவதில்லை. அவர்களுக்குப் படகே வீடு, அதன் பின்பக்கத்து மூலையே அடுக்களை.

இந்த ஆழ்கடல் படகுகளில் பல கொச்சியின் தோப்பும்படித் துறைமுகத்திலிருந்தே கிளம்புகின்றன. டீசலும் ஐஸும் ஏறிய பிறகு மளிகை ஏறும். புழுங்கலரிசி மூட்டை, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய், முட்டை, தேயிலை, சர்க்கரை, பால்பொடி. யாருக்கோ ஆகும் செலவு என்று இதை விட்டுவிட முடியாது. திரும்பி வந்து மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், மளிகைச் செலவைக் கழித்த பிறகே மிச்சம் படகு உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பங்காகப் பிரியும். ஒவ்வொருவர் தட்டில் விழும் சோறும் அவரவர் பங்கிலிருந்தே போகிறது. அதனால் பட்டியல் போடுவதில் கறார் இருக்கும். ஆனால் அரிசியில் யாரும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. கடலில் உடம்பு கேட்கும் சோறு கரையில் கேட்பதைவிட அதிகம். இரவு பகல் பாராமல் வலை இழுத்து, ஆடும் தளத்தில் உடம்பை நிறுத்திக்கொண்டிருப்பதே ஒரு வேலை.

புழுங்கலரிசியைத் தேர்ந்தெடுப்பதிலும் காரணம் இருக்கிறது. அது குழைந்து கூழாகிவிடாது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைக்குப் பழையது தயார். இரவெல்லாம் ஊறிய சோற்றில் லாக்டிக் அமிலம் உண்டாகி லேசாகப் புளிக்கும். அடுப்பு பற்றவைக்காமல் ஒரு வேளை உணவு கிடைத்துவிடும். எரிவாயுவும் நேரமும் மிச்சம்.

அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. படகு முன்னோக்கி ஓடும்போது காற்று அணியத்திலிருந்து பின்னால் வரும். அதனால் ஓட்டுநர் அறையின் மறைவில், அதற்குப் பின்னாலோ பக்கத்திலோ அடுப்பை வைப்பார்கள். இந்தியப் பெருங்கடலின் பழைய பாய்மரக் கலங்களில் இதற்குத் தனிப் பெட்டியே உண்டு. கெட்டியான மரப்பெட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் கல் கூட்டி விறகு எரிப்பார்கள். மணல் இருப்பதால் கனல் மரத்தைத் தொடாது, பெட்டியின் சுவர் இருப்பதால் பொறி பறக்காது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தோணிகளும் இந்தப் பாய்மர மரபைச் சேர்ந்தவையே. சமையல்காரரைப் பண்டாரி என்று அழைப்பது பழைய கப்பல்காரர் வழக்கம். கேரளத்துக் காயல்களில் நெல் ஏற்றிப் போன கெட்டுவள்ளங்களிலும் படகோட்டிகள் வள்ளத்திலேயே பொங்கித் தின்றார்கள். இன்று ஆலப்புழையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கரிமீன் பொரித்துத் தரும் படகுவீடுகள் அந்த வள்ளங்களின் வாரிசுகள். காயலில் அலை கிடையாது என்பதால் அந்தச் சமையலைக் கடல் சமையலோடு ஒப்பிட முடியாது.

இப்போது விறகும் மண்ணெண்ணெயும் பெரும்பாலும் போய், எரிவாயு உருளை வந்துவிட்டது. வசதி கூடியதோடு ஆபத்தும் மாறியது. சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிட்டால் தரையோடு வெளியேறிவிடும். படகில் அதற்குப் போக்கிடம் இல்லை. தளத்தின் இடுக்கு வழியாக இறங்கி, அடியில் எஞ்சின் இருக்கும் குழிக்குள் தேங்கிவிடும். மேலே வாசனைகூடத் தெரியாது. பிறகு யாரோ எஞ்சினைக் கிளப்ப, அந்தப் பொறி போதும். ஆகவே உருளையை ஒருபோதும் தளத்துக்குக் கீழே வைக்கக் கூடாது. திறந்த வெளியில், நிமிர்த்தி, இரண்டு இடத்தில் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். சமையல் முடிந்ததும் அடுப்புத் திருகை மூடுவது போதாது, உருளையின் வால்வையே மூடிவிட வேண்டும். உப்புக் காற்றில் ரெகுலேட்டரும் உருளையின் அடிப்பாகமும் சீக்கிரம் துருப்பிடிக்கும், ரப்பர்க் குழாய் வெடித்துவிடும். கரையில் பல ஆண்டு ஓடும் குழாயைக் கடலில் அப்படி நம்ப முடியாது. சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது பயணத்துக்குப் பயணம் செய்ய வேண்டிய வேலை. மூடிய அறைக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இனி ஆட்டம். படகு முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதைவிடப் பக்கவாட்டில் உருளுவதே சமையலுக்குப் பெரிய தொல்லை. ஐரோப்பிய, அமெரிக்கப் பாய்ப்படகுகளில் இதற்குத் தொங்கும் அடுப்பு உண்டு. அடுப்பின் இரு பக்கமும் ஓர் அச்சில் மாட்டியிருக்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடிப் பாத்திரத்தை மட்டமாகவே வைத்திருக்கும். திசைகாட்டியைக் கப்பலில் பொருத்துவதும் இதே முறையில்தான். தமிழ்நாட்டு விசைப்படகில் அவ்வளவு ஏற்பாடு கிடையாது. இரும்புச் சட்டத்துக்குள் அடுப்பைப் பூட்டி, பர்னரைச் சுற்றிக் கம்பி வளையம் அடித்து, பாத்திரத்தின் காதுகளைக் கயிற்றால் பிணைத்துவிடுவார்கள். பாத்திரங்களின் வடிவமும் இதற்கேற்ப இருக்கும். அகன்ற வாணலிக்கு அங்கே வேலை இல்லை. ஆழமான குண்டான், மூடி இறுகும் குக்கர், உயரமான டீச்சட்டி. எதையும் பாதிக்கு மேல், மிஞ்சினால் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்புவதில்லை.

சமையலில் மிகவும் பயப்பட வேண்டிய நேரம் சோறு வடிக்கும் நேரம். பத்துப் பேருக்குப் பொங்கிய குண்டானில் கொதிக்கும் கஞ்சி தளதளவென்று இருக்கும். வீட்டில் மூடியை வைத்துச் சாய்த்து நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம். படகில் குண்டானை ஒருவர் தனியாகத் தூக்கவே கூடாது. இருவர் ஆளுக்கொரு காதைப் பிடித்து, தளத்தில் உட்கார்ந்த வாக்கிலேயே, அலையின் தாளத்தைப் பார்த்து இரண்டு உருளலுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் சாய்க்க வேண்டும். கஞ்சி போய் விழும் பக்கம் காற்று போகும் பக்கமாக இருக்க வேண்டும். எதிர்க்காற்றில் ஊற்றினால் முகத்துக்கே திரும்பிவரும். கால் மேல் கொதிகஞ்சி கொட்டினால் மருத்துவமனை இரண்டு நாள் பயணத்தில் இருக்கலாம். அதனால்தான் சில படகுகளில் வடிப்பதையே விட்டுவிட்டு, அளவாகத் தண்ணீர் வைத்து வற்றவைத்துவிடுகிறார்கள். சுவை சற்று மட்டுத்தான், ஆனால் தோல் பிழைக்கும். எண்ணெய் நிறைய ஊற்றிப் பொரிப்பதும் இதே காரணத்தால் அமைதியான நாளுக்கு மட்டுமே உரியது. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியைப் போட்டு அமுக்க வேண்டும். இதைக் கடலில் புதிதாகக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது.

எப்போது அடுப்பு பற்றவைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இழுவலைப் படகு வலையைப் போட்டு இழுத்துக்கொண்டே மெதுவாகப் போகும்போது, பின்னால் இழுபடும் வலையின் பாரம் படகின் உருளலைக் கொஞ்சம் அடக்கிவிடும். ஆட்களுக்கும் அப்போதுதான் கை ஓயும். இரண்டு மூன்று மணி நேரம் நீளும் அந்த இழுவைக்குள் சோறும் குழம்பும் ஆகிவிட வேண்டும். வலை ஏறத் தொடங்கினால் சமையல்காரரும் கயிற்றுக்குப் போய்விடுவார். தனிச் சமையல்காரர் என்று ஆள் வைத்துக்கொள்ளச் சிறு படகில் கட்டுப்படியாகாது. பெரும்பாலும் புதிதாகத் தொழிலுக்கு வந்த இளைஞரின் தலையிலேயே முதலில் இந்த வேலை விழும். வலை பழகுவதற்கு முன் உலை பழகுகிறார்.

கடல் நடுவில் இருந்தாலும் படகின் உண்மையான பற்றாக்குறை தண்ணீர்தான். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று சிக்கனமாகவே வைத்துக்கொண்டாலும், 12 பேர் 40 நாள் இருக்க 2,400 லிட்டர் வேண்டும். அது இரண்டே கால் டன்னுக்கும் மேலான சுமை. மீன் ஏற்ற வேண்டிய இடத்தை அது தின்னும். ஆகவே நன்னீரைக் குடிப்பதற்கும் உலைக்கும் என்று ஒதுக்கிவிட்டு, மற்றதெல்லாம் கடல்நீரில் நடக்கிறது. பாத்திரம் கழுவுவது, மீன் அலசுவது, அரிசியை முதல் தண்ணீரில் களைவது எல்லாமே கயிறு கட்டிய வாளியால் மொண்ட உப்பு நீரில்தான். சாதாரணச் சோப்பு அந்த நீரில் நுரைக்காது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரியவைத்துவிடும். சலவைத்தூள் வகை நுரைக்கும்.

கடல்நீரைக் குடிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். சமைக்கலாமா என்பதில் குழப்பம் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. மனிதச் சிறுநீரகத்தால் சிறுநீரில் அவ்வளவு செறிவாக உப்பை வெளியேற்ற முடியாது. குடித்த தண்ணீரைவிட அதிகத் தண்ணீரைச் செலவழித்தே அந்த உப்பை வெளியே தள்ள வேண்டியிருக்கும். அதனால் தாகம் தணியாமல் கூடும். ஆனால் ஒரு பங்கு கடல்நீரோடு மூன்று பங்கு நன்னீர் கலந்தால் லிட்டருக்கு 9 கிராம் உப்பாகிவிடும். தனியாக உப்புப் போடாமல் அதில் கிழங்கு அவிக்கலாம், குழம்புக்குப் புளி கரைக்கலாம். துறைமுகத்துக்குள் மொண்ட நீரை மட்டும் இதற்குத் தொடக் கூடாது. அதில் டீசலும் ஊர்ச் சாக்கடையும் கலந்திருக்கும். மீனுக்குப் போட்ட ஐஸ் உருகிய நீரும் குடிக்க ஏற்றதல்ல.

கடலில் சமைப்பவருக்கு இயற்கை தரும் ஒரே சலுகை கொதிநிலைதான். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. கோலார் தங்கவயலை அடுத்த பங்காருபேட்டை கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலான பீடபூமியில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்போ கடலையோ வேக அந்த ஊரில் சற்றே அதிக நேரம் பிடிக்கும். படகில் அந்த மூன்று டிகிரி இலவசமாகக் கிடைக்கிறது. கிடைத்த இலாபத்தைக் காற்று பிடுங்கிக்கொள்கிறது என்பது வேறு விஷயம். தகரத் தடுப்பு இல்லாவிட்டால் சுவாலையில் பாதி பாத்திரத்தைத் தொடாமலே பறந்துவிடும்.

குழம்புக்கு மீன் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் பிடித்ததில் எதை உண்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வஞ்சிரமும் வவ்வாலும் பெரிய இறாலும் ஏலத்துக்குப் போகிறவை. அவற்றைச் சட்டியில் போட்டால் பங்கில் குறையும். அதனால் சூடை, காரல், சின்னக் கணவாய், கால் ஒடிந்த நண்டு, வலையில் நசுங்கிப் போனவை இவைதான் சட்டிக்கு வரும். இதில் தொழிலாளிக்கு நட்டம் ஒன்றும் இல்லை. பிடித்து அரை மணி நேரம் ஆகாத காரல், ஐஸில் பத்து நாள் கிடந்த வஞ்சிரத்தைவிட ருசி. சுறாவை உண்பதென்றால் பிடித்த அன்றே உண்ண வேண்டும். அதன் தசையில் இயல்பாகவே யூரியா இருக்கிறது. நாள் ஆக ஆக அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும்.

படகுக் குழம்பின் செய்முறை வீட்டுக் குழம்பைவிடச் சுருக்கம். அரிவாள்மனை ஆடும் தளத்துக்கு ஒத்துவராது, கத்தியும் பலகையும்தான். சட்டியில் புளியைக் கரைத்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், நசுக்கிய வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் பச்சையாகவே கூட்டிக் கலந்து அடுப்பில் ஏற்றுவார்கள். தாளிப்பு கிடையாது, எண்ணெய் தெறிக்கும் என்ற பயமும் கிடையாது. பச்சை வாசம் போகக் கொதித்ததும் மீன் துண்டுகளைப் போட்டு, கரண்டியால் கிண்டாமல் சட்டியையே லேசாக அலசிவிட வேண்டும். பல சமயம் அந்த வேலையைக் கடலே செய்துவிடும். தேங்காய் இருந்தால் அரைத்து ஊற்றலாம், ஆனால் அன்றே தீர்த்துவிட வேண்டும். தேங்காய் சேர்க்காத புளிக்குழம்பு இரவு தாண்டியும் நிற்கும். மறுநாள் பழைய சோற்றுக்கு அதுவே தொட்டுக்கொள்ள.

எல்லா மீனும் உணவாகாது. வயிறு ஊதிக்கொள்ளும் பேத்தை மீனில் டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. தொழில் தெரிந்தவர்கள் வலையிலிருந்து எடுத்ததும் கடலிலேயே எறிந்துவிடுவார்கள். சூரை, அயிலை போன்ற மீன்களில் ஆபத்து வேறு விதம். அவை வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே பாக்டீரியாக்கள் தசையில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். உண்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரிக்கும். இதுவும் சமைப்பதால் போகாது. பிடித்ததும் ஐஸில் போடுவதே ஒரே வழி.

காய்கறி, கெடும் வரிசையில் சட்டிக்குப் போகிறது. கீரையும் தக்காளியும் முதல் இரண்டு மூன்று நாளுக்கு. பிறகு கத்தரி, வெண்டை, முட்டைக்கோஸ். கடைசியில் வெங்காயம், உருளை, சேனை, பூசணி மட்டும் மிஞ்சும். மட்டையுடன் எடுத்த தேங்காய் பயணம் முழுக்கக் கெடாது. மீனே சலித்துப் போகும் நாளில் பருப்பும் முட்டையும் கைகொடுக்கும். மீனவர் படகில் மீன் சலிப்பதா என்று கரையில் இருப்பவர் கேட்கலாம். முப்பது நாள் மீனே உண்டவர் கேட்க மாட்டார். வலை சரியாக விழாத நாளுக்கென்று கருவாடும் இருக்கும். சூரையை அவித்து, புகை போட்டு, காயவைத்துச் செய்யும் மாசி மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் பெயர் பெற்றது. கல் போலிருக்கும் அதில் கொஞ்சம் சீவிப் போட்டால் வெறும் சாறும் மணக்கும்.

பழைய கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் வைட்டமின் சி இல்லாமல் வருவது. 1747-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை வழக்கமாக்க 1795 ஆயிற்று. இன்றைய தங்குகடல் பயணத்தில் ஸ்கர்விக்குப் பயப்பட வேண்டியதில்லை. அது தலைகாட்ட இரண்டு மூன்று மாதமாவது ஆகும். வாய்ப்புண்ணும் மலச்சிக்கலும்தான் நடைமுறைத் தொல்லைகள். அதற்குப் பை நிறைய எலுமிச்சம்பழம் எடுத்துப் போவது எந்த மாத்திரையையும்விட மேல்.

கடல் பொங்கினால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அவல், ரொட்டி, பிஸ்கட், வேர்க்கடலை, வெல்லம் போன்ற அடுப்பு கேட்காத பொருள்கள் நீர் புகாத வாளியில் தனியாக இருக்க வேண்டும். அன்றாடத் தண்ணீரோடு சேராமல் சில கேன்கள் தொடாமல் இருக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கடந்தபோது தூத்தூர் வட்டார ஊர்கள் பலரை இழந்தன. எஞ்சின் நின்று, கரை எங்கே என்று தெரியாமல் மிதக்கும் படகில் சமையல் என்ற பேச்சே இருக்காது. கட்டிவைத்த அவலும் தண்ணீரும்தான் நாளைக் கடத்தும்.

உலகைச் சுற்றும் பாய்ப்படகுகளில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். இந்தியக் கடற்படையின் 56 அடி நீளப் பாய்ப்படகான தாரிணியில், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவில் புறப்பட்டு உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். இருவர் மட்டுமே என்பதால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் படகைப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட பயணங்களில் காய்கறி நறுக்கிக் குழம்பு வைக்கும் நேரம் அரிதாகவே கிடைக்கும். வெந்நீர் ஊற்றினால் உணவாகிவிடும் உறைநிலையில் உலர்த்திய பொட்டலங்களே அங்கே பெரிதும் கைகொடுக்கின்றன. மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வகம் படையினருக்காக உருவாக்கிய பொட்டல உணவுகளும் இந்த வகைத் தேவைக்குப் பொருந்துபவை. சமைத்த புலாவையோ உப்புமாவையோ கெட்டியான உறையில் அடைத்துச் சூட்டில் கிருமி நீக்கியிருப்பார்கள். உறையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்கினால் போதும், அந்த வெந்நீரையே தேநீருக்கும் வைத்துக்கொள்ளலாம். மீன்பிடி படகுகளுக்கு இவை இன்னும் வந்து சேரவில்லை. விலையும் ஒரு காரணம். வலையில் மீன் துள்ளும்போது பொட்டலத்தைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது என்பது இன்னொன்று.

சமையல் முடிந்தால் மிச்சம் குப்பை. மீன் கழிவும் காய்கறித் தோலும் ஆழ்கடலில் மீனுக்கே இரையாகும். எண்ணெய் உறை, பால்பொடிப் பை, தண்ணீர்ப் புட்டி இவற்றின் கதை அப்படியல்ல. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. கடலில் எந்த இடத்திலும் பிளாஸ்டிக்கை எறிய அது தடை விதிக்கிறது. மீன்பிடி படகுகளுக்கும் அது பொருந்தும். கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் நீண்டகரைத் துறைமுகத்தை மையமாக வைத்து 2017-இல் தொடங்கிய சுசித்வ சாகரம் திட்டத்தில், படகுகளுக்குப் பைகள் கொடுத்து, சமையல் குப்பையோடு வலையில் சிக்கிய பிளாஸ்டிக்கையும் கரைக்குக் கொண்டுவரச் செய்தார்கள். கரையில் அதைக் கழுவித் துருவிச் சாலை போடும் தாரில் கலக்கிறார்கள்.